செல்லத்துக்கு என்ன வயது?

கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே நங்கூரம் போட்டது ஒரு வியாழக்கிழமை. நான் பினாங்கு மண்ணை மிதித்தது அடுத்த புதன்கிழமை. நடுவில் ஆறு நாள் ஜெரெஜாக் தீவில் கழிந்தது. நாகப்பட்டினத்தில் இருபத்தெட்டு ரூபாய் கொடுத்து மேல்தளத்துச் சீட்டு வாங்கினவர்களை எல்லாம், தொற்று நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அந்தத் தீவில் இறக்கி அடைத்துவைக்கிறார்கள். அறையெடுத்து வந்த சீமான்களுக்கு நோய் ஒட்டாது போலிருக்கிறது. அவர்கள் அன்றைக்கே குடையும் கையுமாகப் படகேறிப் போய்விட்டார்கள். கார்த்திகைக் கடலில் ஏழு நாள் குடல் வெளியே வருகிற மாதிரி புரண்டு வந்த எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

தீவில் ஒரு குமாஸ்தா எங்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர், ஊர், வயது எழுதினார். எனக்கு முன்னால் நின்றவர், "வயசு தெரியலீங்களே" என்றார். குமாஸ்தா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முப்பத்தைந்து என்று எழுதிக்கொண்டார். நான் நாற்பத்துமூன்று என்றேன். என்னையும் அதே பார்வை பார்த்த பிறகுதான் எழுதினார். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியன். என் வயதை என் வாயாலேயே சொல்லியும் ஒருவர் சரிபார்ப்பதா என்று எனக்கு ஒரே எரிச்சல். வயது என்பதைப் பற்றி இந்தப் பயணம் எனக்கு இன்னும் எவ்வளவு சொல்லித்தரப் போகிறது என்று அப்போது தெரியாது.

நான் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக் கடல் தாண்டினது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை காமாட்சியும் அவள் புருஷன் முனியாண்டியும், குத்தகை நிலம் கைவிட்டுப் போனபின் மலாயாவுக்கு வந்தவர்கள். சுங்கை பாக்காப்பை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருவரும் கூலிகள். அவர்களுடைய ஒரே மகள் செல்லம் இங்கேயே பிறந்தவள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நாகூர் செய்யது பினாங்கில் காகிதக் கடை வைத்திருக்கிறான். அவன்தான் எழுதினான்: பட்டணத்தில் பெண்களுக்கான ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று விடுதியில் இரண்டு இலவச இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போய்விட்டது, மற்றதற்கு உன் தங்கை மகளைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் படித்தவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படித்தவர் நான்தான்.

புதன், காலை பத்து மணி. படகுத்துறையில் செய்யது காத்திருந்தான். பதினைந்து காசுக்கு ரிக்‌ஷா பேசி ஏற்றினான். அவன் கடை சூலியா தெருவில். வழியில் ஒரு பள்ளிக்கூடம், வருஷக் கடைசி நாளாம், சீக்கிரமே விட்டது. வெள்ளைச் சட்டை போட்ட சீனப் பெண்பிள்ளைகள் முப்பது நாற்பது பேர், தோளில் பை, காலில் வெள்ளைச் சப்பாத்து, கத்திப் பேசிக்கொண்டு எங்கள் ரிக்‌ஷாவை மறித்துக் கடந்தார்கள். நடுவில் இரண்டு தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். ஒருத்திக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அந்த வயதில் எங்கள் தாலூகாவில் எந்தப் பெண் பை மாட்டிக்கொண்டு தெருவில் போகிறாள்? ஐந்தாம் வகுப்பை முடித்த பெண்கள் என் பள்ளிக்கூடத்தில் இதுவரை மூன்றே பேர். மூவரையும் ஆறாம் வகுப்புக்கு அனுப்ப ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, அனுப்பியிருந்தாலும் தகப்பன்மார் சம்மதித்திருக்க மாட்டார்கள். நடுத்தெருவில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வயிறு எரிந்தது.

"என்னப்பா மொறச்சுப் பாக்குறே? புள்ளைங்க பயந்துடப் போவுதுலா" என்றான் செய்யது.

"இவர்களைப் பார்த்து முறைக்கவில்லை. நம்ம ஊரைப் பார்த்து முறைக்கிறேன்."

"இங்கேருந்து அது தெரியாது. மொதல்ல சாப்புடு."

அன்று பிற்பகல் செய்யது கடையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்திருந்த விண்ணப்பத் தாளை நிரப்பினோம். அடுத்த நாள் நண்பகலுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். விதிகள் தாளின் மேலேயே அச்சாகியிருந்தன. ஜனவரி முதல் தேதியில் பிள்ளைக்கு ஒன்பது வயது முடிந்திருக்கக் கூடாது. பிறப்புப் பதிவின் நகலும், தோட்டத்திலிருந்து ஒரு கடிதமும் நேர்காணலுக்குக் கொண்டுவர வேண்டும். நேர்காணல் திங்கட்கிழமை.

செல்லம் பிறந்தது எட்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு அம்மை போட்டிருந்தது; காமாட்சியின் கடிதம் வேப்பிலைக்கு நடுவில்தான் வந்தது. ஆகவே எட்டு முடிந்து ஐந்து மாதம். வரம்புக்குள் கச்சிதமாக அடங்குகிறது. வயது என்ற கட்டத்துக்கு வந்தேன். ஏழு என்று எழுதினேன்.

"எட்டுன்னுதானே சொன்னே?" என்றான் செய்யது.

"ஒரு வருஷம் கையில் இருக்கட்டும்."

"எதுக்குப்பா? ஒம்பது வரைக்கும் சேத்துக்குவாங்கன்னு போட்டிருக்கே."

"உனக்குப் பள்ளிக்கூட விவகாரம் தெரியாது, நீ பேசாமல் இரு" என்று அடக்கிவிட்டேன். சொன்னதோடு நில்லாமல், 'மேற்கண்டவை உண்மை' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே என் பெயரையும் தலைமை ஆசிரியர் என்ற பதவியையும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

இதைப் படிக்கிற எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு விளக்கமே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிற பிள்ளையை, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. தகப்பன் ஆறு என்பான், ஏழு என்பான், எல்லோருக்கும் ஐந்துதான். பிறந்த தேதியும் எல்லோருக்கும் ஒன்றே, ஜூன் முதல் தேதி. பிள்ளை நாளைக்குச் சர்க்கார் உத்தியோகம் பார்த்தால் இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கட்டுமே என்ற நல்லெண்ணம். என் பள்ளிக்கூடத்தில் படித்து இதுவரை சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவர் ஒரே ஒரு தபால்காரர். ஆனாலும் பதினெட்டு வருஷமாக என் கை வயது என்ற கட்டத்தைக் கண்டால் குறைத்துத்தான் எழுதும்.

வியாழன். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பத்துக் காசுக்குப் படகேறி எதிர்க்கரையில் பிறை என்ற ஊருக்குப் போனேன். அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்தாஜாம். அங்கிருந்து பஸ், சுங்கை பாக்காப் வரை பத்துப் பதினோரு மைல், முப்பது காசு. பஸ்காரர் ஒரு மலாய்க்காரர். என் தலைப்பாகையைப் பார்த்ததும் கேட்காமலே தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் நிறுத்திக் கையைக் காட்டினார். அங்கிருந்து செம்மண் பாதையில் இரண்டு மைல் நடை. இரு பக்கமும் ரப்பர் மரங்கள், படைவரிசை போல ஒரே இடைவெளி, ஒரே உயரம். காற்றில் புளித்த பால் நாற்றம். லயம் என்று இவர்கள் சொல்கிற வீட்டு வரிசையில் ஏழாவது கதவு காமாட்சியுடையது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தவள் அழுதாள், சிரித்தாள், தலைவாரிக்கொண்டு வெளியே வந்த மகளை என் முன்னால் தள்ளினாள்.

ஒல்லியாக, வயதுக்கு மீறிய உயரமாக இருந்தாள் செல்லம். அவளிடம் எதையாவது பேச வேண்டுமே என்று, "உனக்கு எத்தனை வயது?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "எந்த வயசு மாமா? பெரட்டு வயசா, வீட்டு வயசா?"

எனக்குப் புரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் புரிந்தது.

வெள்ளி, காலை ஐந்தேகால். தோட்டத்துக் கொட்டகைக்கு முன்னால் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். வேலைக்கு ஆள் கூப்பிடுகிற இந்த வரிசைக்குத்தான் பெரட்டு என்று பெயர். தங்கராசு என்ற கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், லாந்தர் வெளிச்சத்தில் பெயர் வாசித்தார். பெரியவர்கள் பெயர் முடிந்ததும் பிள்ளைகள் பெயர். பதினான்கு பிள்ளைகள். நான்காவது பெயர் செல்லம். "இருக்கேன்யா" என்று அவள் குரல் கேட்டது. கையில் ஒரு வாளியும் துணியும். அம்மா மரத்தைச் சீவிக்கொண்டே போவாள். மகள் பின்னால் போய்ப் பால் வடிகிற மங்கைத் துடைத்து வைக்க வேண்டும். மங்கு என்பது மரத்தில் கட்டுகிற சிறு பீங்கான் கிண்ணம். ஒரு காலையில் முந்நூறு மரம்.

கொட்டகைத் தூணில், என் மார்பு உயரத்தில், கத்தியால் ஆழமாக ஒரு கோடு வெட்டியிருந்தது. அது என்ன என்று முனியாண்டியிடம் கேட்டேன்.

"அதான் அளவு, மச்சான். பத்து வயசுக்குக் கீழே இருந்தா வேலை குடுக்கக் கூடாதுன்னு சட்டமாம். புள்ளைய அதுல நிறுத்துவாங்க. தலை கோட்டுக்கு வந்துட்டா பத்துன்னு எழுதிக்குவாங்க. செல்லம் போன வருசமே வந்துட்டா. இப்ப அவளுக்குப் பதினொண்ணு."

"அவளுக்கு எட்டு!"

"வீட்டுல எட்டு."

நான் அங்கேயே கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். சட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, அந்தச் சட்டத்துக்கு மேல் ஒரு கத்திக்கோட்டைப் போட்டு, உயரமாக வளர்ந்த குற்றத்துக்காக ஒரு குழந்தையை விடியுமுன்னே காட்டுக்குள் அனுப்புகிற இந்த ஏற்பாட்டைச் செய்தவன் எவனோ, அவன் வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது? எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூட வயது அவனுடையதுதான்; அதை எவரும் பிடுங்கிக்கொள்வதில்லை.

பகல் இரண்டு மணிக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதே கொட்டகை, அதே தங்கராசு. காலையில் பெயர் வாசித்தவர் இப்போது சட்டையை மாற்றிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். காலையில் வாளியோடு நின்ற பதினான்கு பேரும் கைக்குழந்தை தூக்கிய சில அக்காக்களும் பலகையில் இருந்தார்கள். மூன்றாம் வாய்ப்பாடு முடிவதற்குள் ஆறு பேர் தூங்கிவிட்டார்கள். தங்கராசு அவர்களை எழுப்பவில்லை. அது ஒன்றுதான் எனக்கு அந்த மனிதரிடம் பிடித்தது. செல்லம் தூங்கவில்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, நான்காம் வகுப்புப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். நான்காம் வகுப்போடு இங்கே படிப்பு முடிந்தது. அதற்கு மேல் போக வேண்டுமானால் பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அடிவகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடிவகுப்புக்கு வயது வரம்பு உண்டு. எங்கள் பக்கத்தில் தமிழில் ஐந்தாவது தேறினவன் அப்படியே ஏறி உயர்பள்ளியில் உட்காரலாம். இங்கே தமிழில் எத்தனை படித்தாலும் அது ஆங்கிலத்தின் வாசற்படிக்குக்கூடக் கொண்டுபோய் விடாது.

பள்ளி விட்டதும் தங்கராசுவிடம் கடிதம் கேட்டேன். எழுதித் தந்தார். முனியாண்டி மகள் செல்லம், வயது பதினொன்று. கீழே தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட இடம். தங்கராசுவுக்குக் குண்டு குண்டான, அழகான எழுத்து.

"எட்டு என்று போடுங்கள்."

"அதெப்படிங்க சார் போடறது? பெரட்டுப் புஸ்தகத்துல பதினொண்ணு. கடுதாசியில எட்டுன்னா துரை என்னைத்தான் கேப்பாரு. எட்டு வயசுப் புள்ளைக்கு எப்படிடா ஒரு வருசமா பேர் போட்டேன்னு."

"அதைத்தான் நானும் கேட்கிறேன்!"

"நீங்க கேட்டா சண்டைதான் சார். அவரு கேட்டா என் வேலை."

"குழந்தையின் வயதைத் திருத்துகிற கை உமக்கு எப்படி ஐயா சோறு அள்ளுகிறது?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்க ஊரு வாத்தியாருங்க யாரும் மாத்தி எழுதறதே இல்லைங்களா?" என்று கேட்டார்.

"நாங்கள் குறைக்கிறோம். அது பிள்ளையின் நன்மைக்கு" என்றேன். இப்படி ஒரு பதிலைத் தலை நிமிர்ந்து சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அன்று சாயங்காலம் காமாட்சியிடமும் இதையே பேசிக் கொதித்தேன். பத்து வருஷமாக இந்த நரகத்தில் ஏன் கிடக்கிறீர்கள், ஊருக்கு வந்துவிடுங்கள், செல்லத்தை என் பள்ளிக்கூடத்தில் நானே படிக்கவைக்கிறேன் என்றேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"உன் பள்ளிக்கூடத்துல சேரிப் புள்ளைங்க எங்க ஒக்காருது அண்ணே?"

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறார்கள். தட்டியைக் கட்டியது நானல்ல. ஆனால் பதினெட்டு வருஷமாக அவிழ்க்காதவன் நான்.

"இங்க எல்லாப் புள்ளையும் ஒரே பலகையிலதான் தூங்குது. செல்லத்துக்குப் பக்கத்துல ஒக்காருறதே ஒரு சேரிப் புள்ளைதான். நீ அவளை ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போனா ரெண்டாவது வருசம் கண்ணாலம் பேச ஆரம்பிச்சுடுவாங்க. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல சேத்துடு அண்ணே. அது போதும்."

முனியாண்டி குறுக்கிட்டான். "அதுல சேந்தாத்தான் அனுப்புவேன், மச்சான். இப்பவே சொல்லிப்புட்டேன். ரப்பர் வெலை விழுந்ததுலேருந்து எங்க ரெண்டு பேரு கூலியையும் கொறச்சுட்டாங்க. அவ பேரும் பெரட்டுல இருந்தாத்தான் அடுப்பு எரியுது. தமிழ்ப் படிப்புக்குன்னு டவுனுக்கு அனுப்ப எனக்கு வழி இல்லை."

அவனைத் திட்ட வாய் வந்தது. அடுப்பைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

சனி. நான், முனியாண்டி, செல்லம் மூவரும் முதல் பஸ்ஸில் புக்கிட் மெர்தாஜாம் போனோம். காமாட்சிக்கு லீவு கிடைக்கவில்லை. மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, தன் கல்யாணப் புடவையிலிருந்து வெட்டித் தைத்த பாவாடையைக் கட்டிவிட்டு, பெரட்டுக்கு ஓடிவிட்டாள். பதிவு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் தேடிப் பிறப்புப் பதிவின் நகலைக் கொடுத்தார்கள். முனியாண்டி, காமாட்சி, பெண் குழந்தை, தேதி. எட்டு வயதும் ஐந்து மாதமும். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த நாட்டில் அவளைப் பற்றி உண்மை எழுதியிருந்த ஒரே தாள் அதுதான். தங்கராசுவின் பதினொன்றை இதை வைத்து அடித்து நொறுக்கிவிடலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. படகில் வரும்போது செல்லத்துக்கு ஆங்கில எழுத்துகளை ஒன்றொன்றாக என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். பட்டணம் சேர்வதற்குள் பதினேழு எழுத்துப் படித்துவிட்டாள். புதன்கிழமை நான் என்ன எழுதிக்கொடுத்தேன் என்பது செய்யது வீட்டில் தங்கிய அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்காத விஷயம். பழக்கத்தில் செய்கிற பொய்யை மனது பொய்யாகவே வைத்துக்கொள்வதில்லை போலும்.

திங்கள், காலை ஒன்பதரை. பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடியிருந்தாலும் அலுவலறை திறந்திருந்தது. தலைமை ஆசிரியை ஓர் ஆங்கில மாது. நரைத்த தலை, நேரான முதுகு. பக்கத்தில் தமிழ் ஆசிரியை ஒருவர். முனியாண்டி உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றான். செல்லத்தை ஒரு படப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னார்கள். என் உள்ளங்கையில் படித்த எழுத்துகளை எல்லாம் அவள் அதில் கண்டுபிடித்து விரல் வைத்தாள். அந்த மாது சிரித்தார். "கெட்டிக்காரப் பெண். தாள்களைக் கொடுங்கள்" என்றார்.

தோட்டத்துக் கடிதத்தையும் பிறப்புப் பதிவையும் கொடுத்து, கடிதத்திலுள்ள வயது ஏன் தவறு என்று என் ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். கத்திக்கோடு, பெரட்டு, மங்கு எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவும் செய்தார் என்றே நினைக்கிறேன். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்றாவது தாளை எடுத்து மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார்.

தலைகீழாக இருந்தபோதிலும் என் கொட்டை எழுத்து எனக்குத் தெரிந்தது.

"தோட்டத்தார் பதினொன்று என்கிறார்கள். பதிவாளர் எட்டு என்கிறார். நீங்கள் ஏழு என்று எழுதி, உண்மை என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். தலைமை ஆசிரியர் என்றும் போட்டிருக்கிறீர்கள். இது ஏன்?"

ஏன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் வழக்கம் என்றேன். வழக்கமா என்று கேட்டார். காதைத் தொடுகிற கதையைச் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் தமிழ் ஆசிரியையிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் குனிந்து செல்லத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு என்ன வயசும்மா?"

செல்லம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த வயசு சொல்லணும் மாமா?" என்றாள்.

தமிழ் ஆசிரியை அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினார். பிறகு மொழிபெயர்த்தார்.

அந்த மாது மூன்று தாளையும் ஒன்றாக மடித்தார். "பிறப்புப் பதிவில் இருக்கிற வயதையே நீங்கள் எழுதியிருந்தால் தோட்டத்துக் கடிதத்தை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். வேறு தோட்டங்களிலிருந்தும் இப்படி வந்திருக்கிறது. ஆனால் பொறுப்பேற்கிறவரே பொய் எழுதியிருக்கும்போது நான் எதை நம்பி இடம் கொடுப்பது? பட்டியலில் இன்னும் நான்கு பெயர்கள் இருக்கின்றன."

"பொய் சொன்னவன் நான். தண்டனை அவளுக்கா?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தக் குழந்தை யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லையே! மூன்று தாளிலும் ஒரு எழுத்தாவது அவள் கை எழுதினதா?"

"இல்லை" என்றார் அவர். "ஆனால் விதி பெரியவர்களின் கையெழுத்தைத்தான் பார்க்கிறது." எழுந்துகொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான்கு பெயர்களில் ஒரு பிள்ளை உள்ளே வரும், நல்லதுதான். ஆனால் பதினேழு எழுத்தை ஒரு படகுப் பயணத்தில் படித்த பெண்ணை, ஒரு கிழட்டு வழக்கத்துக்காக வாசலோடு திருப்பி அனுப்புகிற ஒழுங்கு என்ன ஒழுங்கு? இதையெல்லாம் வெளியே வந்து தெருவில் நின்றுதான் சொன்னேன். காதுகொடுத்துக் கேட்டது வாசலில் காத்திருந்த செய்யது ஒருவன்தான். அவன், "நான் எட்டுன்னே போடச் சொன்னேன்லா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செல்லத்துக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

பட்டணத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, செய்யதின் கடைக்கு எதிர்வீட்டில் ஒரு நல்ல குடும்பத்தில் தங்கவைக்கலாம் என்று முனியாண்டியிடம் மன்றாடினேன். "அன்னைக்கே சொன்னேனே மச்சான்" என்றான். கோபமில்லை, ஏமாற்றம்கூட அதிகமில்லை. மூன்று நாள் பேரும் கூலியும் போய்விட்டது, நாளைக் காலை பெரட்டுக்குப் போயாக வேண்டும் என்பதுதான் அவன் யோசனை.

மூன்று மணிப் படகுக்கு அவர்களை வழியனுப்பத் துறைக்குப் போனேன். கூடவே தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். காமாட்சியின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். படகு வரும் வரை செல்லம் பாவாடைச் சரிகையை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நெசமான வயசச் சொல்லியிருந்தா சேத்திருப்பாங்களா மாமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது எளிதாக இருந்திருக்கும், எனக்கும்.

"சேர்த்திருப்பார்கள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், பாடத்தில் ஒரு சந்தேகம் தீர்ந்தது போல. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறிப் படகுக்குள் போனாள்.

அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து. அந்த ஒன்பது நாளும் பினாங்கில் மலையைப் பார், கோயிலைப் பார் என்று செய்யது அழைத்தான். போனேன், பார்த்தேன், அவற்றைப் பற்றி வர்ணிக்க எனக்கு மனமில்லை, வாசகர்கள் மன்னிக்க வேண்டும். திரும்பும் கடல் அமைதியாக இருந்தது. மேல்தளத்தில் படுத்துக்கொண்டு இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே வேலை வாங்குவதற்காகக் குழந்தையின் வயதைக் கூட்டுகிறார்கள். இங்கே உத்தியோகம் வாங்குவதற்காகக் குறைக்கிறோம். இரண்டு ஊரிலும் பேனா பெரியவன் கையில். அங்கே ஒரு பலகையில் உட்காரவைத்துத் தூங்கவிடுகிறார்கள். இங்கே விழித்திருக்கச் செய்து, நடுவில் தட்டி கட்டுகிறோம். தங்கராசுவை நான் கேட்ட கேள்வியை நாகப்பட்டினம் வரும் வரை என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

மூங்கில் தட்டியை அவிழ்த்துவிட்டேன். ஊரில் இரண்டு தகப்பன்மார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், மேலே புகார் போயிருக்கிறது, போகட்டும். ஜூன் வந்தால் வயதையும் உள்ளபடியே எழுதுவதாக இருக்கிறேன். அதற்கும் சண்டை வரும்.

சித்திரையில் காமாட்சியிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது; தங்கராசுவின் குண்டு எழுத்து. எல்லோரும் சுகம், மழை நன்றாகப் பெய்கிறது, ரப்பர் விலை ஏறவில்லை. செல்லம் மீதி ஒன்பது எழுத்தையும் யாரிடமோ கேட்டுப் படித்துவிட்டாளாம். கடைசி வரியில், வருஷம் திரும்பியதும் பெரட்டுப் புத்தகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு போட்டிருப்பதாக எழுதியிருந்தது. ஆடி வந்தால்தான் அவளுக்கு ஒன்பது.